வெறுங்கையைப் பெருமையாகச் சொல்லாதே

தம்பி,

நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். போனில் கூப்பிட்டால் "மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கிவந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை உன்னால் வேகமாக ஓடவிட முடியாது. கோபமாகத்தான் எழுதுகிறேன், முடிக்கும்போதும் கோபம் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். "அவன் பெரிய ஆளாயிட்டான், நேரா கூப்பிட்டுப் பேசு, கடுதாசியெல்லாம் எதுக்கு?" என்கிறார் உன் அப்பா. நேரில் பேசினால் நீ நடுவில் புகுந்து நாலு நல்ல வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு நாளிலிருந்தே உனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாயான் பாரு பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது புஷ்பா என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் கம்பெனியில் ஏழு மாதமாகக் கேரராக இருக்கிறவள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, பேம்பர்ஸ் மாற்றி, படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டுவிட்டு வருகிற வேலை. பதினெட்டு வருஷம் நான் செய்த அதே வேலை. "ஆன்ட்டி, நீங்க மேனேஜரோட அம்மாதானே? உங்களப் பத்தி அவர் டிரெய்னிங்ல சொன்னார். அத்தன வருஷமும் கிளவுஸே போடாம பாத்தீங்களாமே, உண்மையாவா?" என்று கேட்டாள். நான் அசடு வழியச் சிரித்துவைத்தேன். மகன் நாலு பேர் முன்னால் நம்மைப் பற்றிப் பேசியிருக்கிறானே என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிஷமே அவள் அதைப் போக்கிவிட்டாள். "அடுத்த மாசத்துலேர்ந்து கிளவுஸ், மாஸ்க், ஏப்ரன் எல்லாம் நாங்களே சொந்தமா வாங்கிக்கணுமாம் ஆன்ட்டி. சனிக்கிழம ஃபாரம்ல சைன் வாங்குறாங்க. எங்க வாங்குனா மலிவா கிடைக்கும்? இப்ப குடுக்கிற ஒரு பெட்டி பாதி மாசத்துக்குக்கூட வர மாட்டேங்குதுலா. ஒரே ஜோடியக் கழுவிக் கழுவி ரெண்டு வீட்டுக்கும் போடுறேன்."

ஒரே ஜோடி, இரண்டு வீடு. காலையில் ஒரு வீட்டுப் பெரியவரின் புண்ணைத் துடைத்த கையுறையை அவர்கள் வீட்டுச் சிங்கில் கழுவி, பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டுபோய், மத்தியானம் இன்னொரு வீட்டு அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள். அவள் சோம்பேறியும் இல்லை, அசிங்கக்காரியும் இல்லை. கையில் இருப்பதை வைத்துத் தன்னால் முடிந்ததைச் செய்கிறாள். கீரைக்காரர் மிச்சக் காசு கொடுக்க நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ கூப்பிட்டு, "சனிக்கிழம பத்து மணிக்கு ஆபீஸ்ல எல்லா கேரர்ஸும் வர்றாங்க, நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும், பொன்னாடை போத்தப் போறோம்" என்றாய். நானும் எந்தப் புடவை கட்டுவது என்று அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைக் காட்டித்தான் அவர்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறாய் என்று பசாரில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த அம்மாவே வெறுங்கையால் பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார், உங்களுக்கு என்ன வந்தது என்பதுதானே அந்தப் பொன்னாடையின் அர்த்தம்? உன்மேல் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததே இல்லை.

என் வெறுங்கைக் கதையை உனக்கு ஊட்டி வளர்த்தவளே நான்தான். அதனால் பாதிக் கோபம் என்மேலும் இருக்கிறது. அந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏஜென்சியில் கையுறை கொடுத்தார்கள், கொஞ்சமாவது கொடுத்தார்கள். ஜெலுத்தோங்கில் ஒரு வீடு. அந்தத் தாத்தாவின் மகள் வாசலிலேயே என் கையைப் பார்த்தாள். "எங்க அப்பாவத் தொட ஒங்களுக்கு அருவருப்பா இருக்கா?" என்றாள். நம் ஆட்களுக்கு அது எப்படிப் படும் என்று யோசித்துப் பார். சட்டிபானையைத் தொடாதே, எட்டி நில், மேலே படாதே என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு நொந்த சனம். தன் அப்பாவை ஒருத்தி ரப்பரைப் போட்டுக்கொண்டு தொட்டால் அது சுத்தமாகத் தெரியாது, தள்ளிவைப்பதாகத்தான் தெரியும். எனக்கும் அந்த இடத்தில் வெட்கமாகிவிட்டது. கழற்றிப் பையில் போட்டேன். வேலை முடிந்ததும் அந்த மகள் ஏஜென்சிக்குப் போன் செய்து, "அந்த அக்கா முகமே சுளிக்காமச் செஞ்சாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

முகம் சுளிக்காமல். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் கையுறை போடவில்லை. ஏஜென்சி மேடம் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். போன் செய்து விசாரிக்கிற வீடுகளிடம் "எங்க ஆளுங்க முகம் சுளிக்க மாட்டாங்க, சொந்தக்காரங்க மாதிரி பாத்துக்குவாங்க" என்று சொல்லியே ஆள் பிடித்தார். கையுறைப் பெட்டிகள் எப்போது நின்றன என்று எனக்கு நினைவில்லை. யாரும் கேட்கவில்லை, நின்றுவிட்டன. சொந்தம் மாதிரி என்றவர்கள், பின்னால் யாராவது கேட்டால் சொந்தமாக வாங்கிக்கொள் என்றார்கள். ஒரே வார்த்தையை எப்படித் திருப்பிப் போட்டார்கள் பார். நான் அதைக் கவனிக்காமல் மெடல் குத்திக்கொண்டவள்போல நடந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடமும் பெருமையடித்தேன். நீ சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய்.

இதுவரை உன்னிடம் சொல்லாததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நீ பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்த வருஷம் மாலதி என்று ஒரு பெண் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்து நாலு வயது, கைக்குழந்தைக்காரி. தண்ணீர்மலைக்குப் போகிற ரோட்டில் ஒரு வீட்டுக்கு அவளை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பெரியவர். உடம்பெல்லாம் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். வெறும் வறட்சி, எண்ணெய் தடவினால் போய்விடும் என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாலதி தன் காசில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாளே புகார் வந்துவிட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க போய் அந்தப் பிள்ளைக்கு எப்படி நடந்துக்கணும்னு காட்டிட்டு வாங்க, நீங்க சொன்னா கேப்பா" என்றார். நானும் போனேன். அவள் கண் முன்னாலேயே சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறுங்கையால் எண்ணெய் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து அவரைக் குளிப்பாட்டினேன். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. நம்ம அப்பாவா இருந்தா கிளவுஸ் போடுவமா?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து கையுறையைக் கழற்றிவிட்டாள். பெரிய காரியம் சாதித்த மாதிரி நான் வீட்டுக்கு வந்தேன்.

அது வறட்சி இல்லை, தம்பி. சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் புகுந்துகொள்கிற சொறி. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அது முற்றிப்போனால் செதிலாகத்தான் உதிருமாம், தொட்டவர்களுக்கெல்லாம் ஒட்டுமாம். சில வாரங்களில் மாலதிக்கு விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பெடுத்தது. பிறகு அவள் குழந்தைக்கு வந்தது. அவள் மாமியார் அவள் தட்டையும் பாயையும் தனியாக எடுத்து வைத்தாராம், எந்த வீட்டு அசிங்கத்தைக் கொண்டுவந்து பிள்ளைமேல் பூசினாய் என்று கேட்டாராம். அவள் அழுதுகொண்டே மேடத்திடம் வந்தபோது நானும் ஆபீசில்தான் இருந்தேன். "அது ஒங்க வீட்டுலயே வந்திருக்கும்மா" என்றார் மேடம். மாலதி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அந்த வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளுக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு என்னையே அனுப்பினார்கள். அங்கே தினமும் எழுதவேண்டிய வேலைக் கணக்குக்காக மேடம் கொடுத்த ஃபைலைப் புரட்டியபோது ஆஸ்பத்திரிக் கடிதம் கடைசித் தாளாகக் குத்தியிருந்தது. நோயின் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மேடத்திடம் போய்க் கேட்டேன். "எழுதியிருக்குன்னு சொன்னா யாரு அந்த வீட்டுக்குப் போவா? நீங்க போயிருப்பீங்களா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து என் சட்டையில் சீனியர் கேரர் என்று பட்டை குத்தினார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எழுதுவதற்கே கை கூசுகிறது. அந்த வருஷம் நீ சொறிந்து சொறிந்து தூங்காமல் புரண்டாயே, பரீட்சைக்கு முந்தின வாரம் கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மருந்தைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக்கொண்டு எரிகிறது எரிகிறது என்று குதித்தாயே, அது என்னால் வந்தது. எனக்கு முதலில் வந்தது, நான் மறைத்தேன். உனக்கு வந்ததும் எங்கிருந்து என்று நீ கேட்டாய். நான் ரஃபிக் பெயரைச் சொன்னேன். பந்து விளையாடிவிட்டு நீங்கள் இருவரும் ஒருவர் ஜெர்சியை ஒருவர் போட்டுக்கொள்வீர்கள், அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பையனோடு இனிச் சேராதே, அவன் உடுப்பைத் தொடாதே என்றேன். நீ அதை அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவன் அம்மா ஒருநாள் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என்னைப் பார்த்தும் பேசாமல் போனார். சின்ன வகுப்பிலிருந்து ஒன்றாக நடந்த பிள்ளைகள், அத்தோடு முடிந்தது. அந்தப் பையனிடம் எந்தக் குற்றமும் இல்லை. வெறுங்கைதான் என் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அதனால் வந்த நோய்க்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைமேல் பழி போட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவனிடம் நீ கேட்பாயோ நான் கேட்கவேண்டுமோ, சொல், செய்கிறேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கதையை நீ எப்படிச் சொல்வாய்? கையுறை போடாத அம்மா என்பதோடு நிறுத்துவாயா, மிச்சத்தையும் சொல்வாயா? நீ சொல்லப் போகிற பதில்கள் எனக்குத் தெரியும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். "மா, அவங்க ஸ்டாஃப் இல்ல, பார்ட்னர்ஸ்" என்பாய். பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு இருக்கவேண்டும். நீங்கள் கையுறைச் செலவில் மட்டும்தான் பங்கு வைத்திருக்கிறீர்கள். எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, என்ன நிறச் சட்டையில் போகவேண்டும் என்று உங்கள் ஆபீஸ்தான் சொல்கிறது. நோய் வந்தால் மட்டும் அவள் தனி முதலாளி ஆகிவிடுகிறாள். அடுத்து, "பேஷண்ட் ஃபேமிலிங்க கூடுதலாக் காசு குடுக்க மாட்டேங்கிறாங்க" என்பாய். அது நீ அவர்களிடம் பேசவேண்டிய பேச்சு. அவர்களிடம் பேசக் கூச்சமாக இருப்பதால் புஷ்பாவின் பையில் கை விடுகிறாய். கடைசியாக, "நான் முதலாளி இல்லமா, எனக்கும் மேல ஆள் இருக்கு" என்பாய். மேடமும் இதையேதான் சொல்வார். பதினெட்டு வருஷத்தில் நான் முதலாளி என்று ஒருவரைக் கண்ணால் பார்த்ததில்லை, தம்பி. எல்லோருக்கும் மேலே ஒரு ஆள் இருந்தார். ஆனால் அந்த ஃபாரத்தின் அடியில் உன் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. புஷ்பா போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்கு நான் பாடம் நடத்தவேண்டியதில்லை. வேலைக்கு வேண்டிய பாதுகாப்பை முதலாளிதான் கொடுக்கவேண்டும், அதற்கு வேலையாளிடம் காசு பிடிக்கக்கூடாது என்று நீயே ஒருநாள் எனக்கு விளக்கினாய். ஹோட்டலில் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்து படித்துச் சான்றிதழ் வாங்கிக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறாய். அதற்கு நேர் கீழே மேசை போட்டுத்தான் சனிக்கிழமை கையெழுத்து வாங்கப் போகிறாய் என்று நினைக்கிறேன். வேறு இடம் அங்கே இல்லை.

புதன்கிழமை பஸ் பிடித்து சிம்பாங் அம்பாட் போனேன், மாலதியைப் பார்க்க. எங்கே போகிறேன் என்று உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கதவைத் தட்டாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவளே திறந்தாள். "வாங்கக்கா, ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்றாள். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். பிள்ளை வளர்ந்துவிட்டான். நான் மன்னிப்புக் கேட்டபோது தடுக்கவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஆற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, "எங்க ஃபேக்டரில கிளவுஸ் போடாம லைன்ல நின்னா சூப்பர்வைசர் ஏசுவாருக்கா. ரேகை பட்டா சாமான் கெட்டுப்போகுமாம். பெட்டி பெட்டியா வச்சிருக்காங்க, எத்தன வேணாலும் எடுத்துக்கலாம். மனுஷனத் தொட்ட வேலையிலதான் நான் கிளவுஸுக்குத் திட்டு வாங்குனேன்" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா டிஷ்யூ கொடுத்தார்.

நீ கெட்டவன் இல்லை. புஷ்பாவும் அதைத்தான் சொன்னாள், "உங்க மகன் நல்லவர்தான் ஆன்ட்டி, யாரையும் ஏச மாட்டார்" என்று. மேடமும் நல்லவர்தான், தீபாவளிக்கு உனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நல்லவர்களாக இருந்துகொண்டே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உன்னிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு புது வீட்டை ஏற்றுக்கொள்ளும்போதே நீ போய் அந்த வீட்டுக்காரர்களிடம் சொல், எங்கள் ஆட்கள் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள், அது உங்கள் அப்பாவுக்கும் சேர்த்துத்தான், அருவருப்பு இல்லை என்று. அதைச் சொல்லவேண்டியவன் நீ. வாசலில் நிற்கிற பெண் சொன்னால் அது அவளுடைய திமிராகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போகிறவளுக்கு முன்கூட்டியே சொல். கையுறையை மாதத்துக்கு ஒரு பெட்டி என்று அளக்காதே, எத்தனை தடவை தொடவேண்டுமோ அத்தனை ஜோடி கொடு. அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போடு. மேலே இருக்கிற ஆள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வேலையே போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

சனிக்கிழமை நான் கண்டிப்பாக வருவேன். பொன்னாடை வேண்டாம், எடுத்து வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. முன்வரிசை நாற்காலியும் வேண்டாம், புஷ்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ என்னைப் பேசக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் எழுந்து நின்று பேசுவேன். மாலதியைப் பற்றிச் சொல்வேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன், சொல்லுங்கக்கா என்றாள். நான் அவளுக்கு என்ன செய்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்வேன். அதற்குப் பிறகும் அந்த ஃபாரம் மேசையில் இருந்தால், யாரும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அத்தனை பேரிடமும் சொல்வேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். அன்றைக்கு மாலதி என்னைப் பார்த்தபோது நான் குனிந்துகொண்டேன், இந்த முறை குனியமாட்டேன். உன் ஆட்கள் முன்னால் உன்னைப் பெற்றவளே உனக்கு எதிராக எழுந்து நிற்பதை நீ அங்கே முதல்முறையாகப் பார்த்துத் திகைத்து நிற்கக்கூடாது என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

அம்மா